சீலியாக் பரிசோதனை: கோதுமையை நிறுத்துமுன் ரத்தம் கொடுங்கள்

சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டு, ஆறேழு மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால், சீலியாக் நோய் (கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) இருந்தாலும் நெகட்டிவ் என்று வரலாம். குளூட்டன் உள்ளே போகும்வரைதான் பரிசோதனை தேடும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களை உடம்பு தயாரிக்கும்.

நீலகிரியில் இது இன்னும் சிக்கல். சோறு, ராகிக் களி, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது. வாரம் ஒருமுறை சப்பாத்தி சாப்பிடுகிறவரின் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உணவு சாப்பிடச் சொல்கிறது. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் தாராளம். டீயோடு சாப்பிடும் வர்க்கியும் மைதாதான், ஆனால் அதில் அளவு பிடிபடாது. சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று கஞ்சி வைக்கும் சம்பா கோதுமையிலும், பார்லியிலும் குளூட்டன் உண்டு. கோதுமை பட்டாலே வயிற்றுப்போக்கில் துவண்டுவிடுகிறவர்களும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் இப்படி மறுபடி தொடங்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டிடிஜி ஐஜிஏ (சீலியாக்குக்கான ஆன்டிபாடி), டோட்டல் ஐஜிஏ (உடம்பிலுள்ள மொத்த ஐஜிஏ) என இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஐஜிஏ வகை ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. பிறவியிலேயே ஐஜிஏ சுரக்காதவருக்கு அது எப்போதும் நெகட்டிவ்தான், சீலியாக் நோயாளிகளில் 100-க்கு இரண்டு மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள். பெரியவர்களுக்கு டோட்டல் ஐஜிஏ சுமார் 70 முதல் 400 மி.கி./டெ.லி. வரை இருக்கும். 20-க்குக் கீழே போனால் ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைத் தேடும் டிடிஜி ஐஜிஜி அல்லது டிஜிபி ஐஜிஜி பார்க்க வேண்டும். நூறு உணவுப் பொருளுக்கு ஒரே சொட்டில் ஐஜிஜி பார்க்கிறோம் என்று விற்கப்படும் பேக்கேஜ்கள் சீலியாக்குக்குப் பயன்படாது. காசு மிச்சம்.

வெறும் வயிறு தேவையில்லை. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. ரத்தம் போதும். அறை வெப்பத்தில் அது உறைய அரை மணி நேரம் ஆகும். மார்கழிக் காலையில் ஊட்டியில் அறையே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும்போது இன்னும் நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு மெஷினில் சுழற்றினால் சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரில்) ஃபைப்ரின் என்ற உறைவு நூல்கள் மிதந்து, எலைசா (நிறத்தை வைத்து ஆன்டிபாடியை அளக்கும் முறை) தட்டின் குழிகளை அடைத்துத் தப்பான அளவு காட்டும். உறையும் முன் ஃப்ரிட்ஜில் வைப்பதும் கூடாது. கோயம்புத்தூருக்கு அனுப்புவதானால் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பேக்கோடு 2 முதல் 8 டிகிரியில் அனுப்புங்கள். முழு ரத்தத்தை அப்படியே அனுப்பினால் கல்லாறு வளைவுகளில் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடையும். மழையில் மண் சரிந்து காட் ரோடு அடைபட்டாலும் பிரித்த சீரம் ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20. உருக்கி மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மலையிலேயே எலைசா போடும் லேப்கள் கிட்டை வெளியே எடுத்ததும் தொடங்கிவிடக் கூடாது. அதில் ‘அறை வெப்பம்’ என்று எழுதியிருப்பது பொதுவாக 20 முதல் 25 டிகிரி. 13 டிகிரி அறையில் நிறம் மங்கும், பலவீனமான பாசிட்டிவ் கோட்டுக்குக் கீழே நழுவக்கூடும். ஹீட்டர் போடுங்கள், இல்லையேல் இன்குபேட்டர். கண்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரி) வரம்புக்குள் விழாத ரன்னைத் தூக்கிப் போடுங்கள்.

2016-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில் வடக்கே பெரியவர்களில் 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இந்த நோய் தெரிந்தது. நோய் அரிதான இடத்தில் எல்லையைச் சற்றே தாண்டிய டிடிஜியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கல்லீரல் நோயிலும் சில தொற்றுகளிலும்கூட அது லேசாக ஏறும். அப்போது இஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடிப் பரிசோதனை கைகொடுக்கும், பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவது அதில் மிகக் குறைவு. குழந்தைக்கு டிடிஜி உச்ச வரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்தத்தில் இஎம்ஏவும் பாசிட்டிவ் என்றால், 2020-ன் ஐரோப்பிய வழிகாட்டுதல்படி பயாப்ஸி (குடல் துண்டு எடுத்துப் பார்ப்பது) இல்லாமலே முடிவு சொல்லலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி வேண்டும்: முன்சிறுகுடலின் முனையில் ஒன்றிரண்டு, அதற்கு அப்பால் குறைந்தது நான்கு துண்டுகள். அதுவரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.

நோய் உறுதியாகி குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக்கு மாறியபின், 6-வது மாதமும் 12-வது மாதமும் டிடிஜியைத் திரும்பப் பாருங்கள். இறங்கிக்கொண்டே வந்தால் சரி, நார்மலாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கிட்டுக்குக் கிட்டு அலகு மாறும் என்பதால் முதலில் பார்த்த லேபிலேயே பாருங்கள்.