அப்பா போனபின் அந்த ஏ.டி.எம். கார்டைத் தொடாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையின் பென்ஷன் மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். மாதா மாதம் பாஸ்புக் பதிய வரும் பெரியவர் ஒருவர் திடீரென்று வரமாட்டார். நாலு மாதம் கழித்து மகன் வருவார். "சார், பணம் விழுந்துட்டுத்தான் இருக்கு, கார்டுல எடுத்துக்கறோம். சொன்னா நின்னுடுமோன்னு அம்மாவுக்குப் பயம்."

தொல்லை அங்கேதான் ஆரம்பம். பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான், அந்த நாளும் சேர்த்தி. அதற்குமேல் விழுந்ததை வங்கி திரும்ப எடுத்தே தீரும். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் மறுநாளிலிருந்தே கணக்கு. விண்ணப்பிக்க ஒரு மாதம் தாமதமானாலும் அது அரியராக வந்துவிடும். ஆகவே சொல்வதால் நஷ்டம் எதுவும் இல்லை.

நான் சொல்வது 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்த மத்திய அரசுக்காரர்களுக்கு: தபால், வருமான வரி, கலால் மாதிரி. தமிழ்நாடு அரசு பென்ஷன் என்றால் கருவூலத்துக்குப் போங்கள், அங்கே விதிகள் வேறு.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்றிதழ் வாங்குங்கள். நாலைந்து நகல் எடுத்து வையுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள். அப்பாவும் அம்மாவும் கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் வேலை சுலபம். வெள்ளைத்தாளில் ஒரு கடிதம், இறப்புச் சான்றிதழ் நகல், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) நகல், அம்மாவின் வயதுச் சான்று, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி. இவ்வளவுதான். புதுக் கணக்கு திறக்கச் சொன்னால், அவசியமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி எவ்வளவு வரும் என்ற கேள்வி. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். பென்ஷன் 30,000. குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 18,000. ஆனால் 67 வயது ஆகுமுன் இறந்துவிட்டால், அவர் இருந்திருந்தால் 67 முடியும் நாள்வரை 50 சதவீதம், 30,000. (இறந்த நாளிலிருந்து ஏழு வருஷம் என்றும் ஒரு கணக்கு உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது. அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு 67-தான் முந்தும்.) இரண்டிலும் அகவிலைப்படி தனி.

ஒரு போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, தப்பா ஜாஸ்தி போட்டுட்டீங்க." தப்பில்லை. அவர் கணவர் ஓய்வு பெறும்போது 30,000 பென்ஷனில் நாற்பது சதவீதத்தைக் கம்யூட் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தார், அதனால் உயிரோடு இருந்தவரை மாதம் 12,000 பிடித்தம். அந்தப் பிடித்தம் அவரோடு போய்விடும், மனைவி மேல் விழாது. மூன்று வருஷம் கழித்து அதே அம்மா கோபமாக வந்தார். "சொல்லாம குறைச்சுட்டீங்களே!" கணவர் இருந்திருந்தால் 67 முடிந்திருக்கும் நாள் அது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கடன் தவணையை 30,000-ஐ நம்பிப் போட்டுவிடப் போகிறார்கள்.

அம்மாவும் இல்லை, விதவை மகளோ விவாகரத்தான மகளோ இருக்கிறாள் என்றால் வங்கி மேசையில் வேலை ஆகாது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். வருமான வரம்பும் உண்டு: மாதம் 9,000, அதோடு அகவிலைப்படி.

அம்மா பேரில் வர ஆரம்பித்ததும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அவர் கொடுக்க வேண்டும். எண்பது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

அப்பா நல்லபடியாக இருக்கும்போதே ஒரு வேலை பாருங்கள். பி.பி.ஓ.வை எடுத்து அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். ஒன்றில் சரஸ்வதி, இன்னொன்றில் சரசு என்று இருந்தால், திருத்த மனு எழுதிக் கொடுங்கள். அப்பா இருக்கும்போதே அதில் கையெழுத்துப் போட்டுவிடட்டும்.