சிப்பாய்ச் சித்திரங்களைத் தவறாகப் படிக்காதிருக்க

படைவீரர்களை வைத்து நகைச்சுவையாக வரையப்பட்ட சித்திரங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, அவற்றைப் போர் எதிர்ப்புப் படைப்புகளாகக் கருதிவிடுவதே. இரண்டாம் உலகப் போரில் வில்லி, ஜோ என்ற இரு அமெரிக்கச் சிப்பாய்களை வரைந்த பில் மால்டின், 45ஆம் காலாட்படைப் பிரிவில் பணியாற்றி, இத்தாலியில் மோர்ட்டார் குண்டால் காயம்பட்டவர். மலைக்காட்சியை ரசிக்கும் அதிகாரி ஒருவர், சாதாரண வீரர்களுக்கென்று வேறொரு காட்சி இருக்கிறதா என்று கேட்பதாக அவர் வரைந்த சித்திரம் போரைப் பழிக்கவில்லை. எல்லாவற்றிலும் அதிகாரிக்கு ஒன்று, வீரனுக்கு ஒன்று என்று பிரித்துவைத்த வழக்கத்தையே குத்திக்காட்டியது.

"இராணுவம் இத்தகைய சித்திரங்களை எதிர்த்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் பிழையே. அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் தம் மூன்றாம் படையில் தலைக்கவசமும் டையும் அணியாதவர்களுக்கு அபராதம் விதித்திருந்தார். அந்த அபராதப் பலகையைக் கண்ட வில்லியும் ஜோவும், அப்பகுதியைத் தவிர்த்து ஆயிரம் மைல் சுற்றிப் போவதால் தாமதமாகும் என்று தம் மேலதிகாரிக்கு வானொலியில் தெரிவிக்க முனைவதாக மால்டின் வரைந்தார். சவரம் செய்யாத முகங்களும் அதிகாரிகளைப் பற்றிய கேலியும் ஒழுங்கைக் குலைக்கும் என்று கொதித்த பேட்டன், 1945 மார்ச்சில் அவரை நேரில் அழைத்துக் கடிந்துகொண்டார். ஆனால் அச்சித்திரங்களை வெளியிட்ட 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படையினருக்காகவே நடந்த நாளேடு. பேட்டனுக்கும் மேலிருந்த ஐசனோவர் மால்டினைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் மால்டினுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆகவே, அந்தச் சண்டை இராணுவத்துக்குள்ளேயே நடந்தது.

அமெரிக்க ஓவியர் மார்ட் வாக்கரின் சித்திரத் தொடரின் நாயகனான பீட்டில் பெய்லி தொடக்கத்திலிருந்தே சிப்பாய் என்று எண்ணுவோரும் உண்டு. 1950 செப்டம்பரில் கல்லூரி மாணவனாக அறிமுகமான அவன், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951இல்தான் படையில் சேர்ந்தான். பிறகும் போர்க்களத்தைக் காணாமல், பயிற்சி முகாமிலேயே சார்ஜென்டிடம் உதைபட்டுக்கொண்டிருந்தான். அதிகாரிகள்மீதான மரியாதையை இத்தொடர் குறைக்கிறது என்று 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' நாளேட்டின் டோக்கியோ பதிப்பு 1950களில் இதை நிறுத்தியபோது, அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தத் தடையை எள்ளி நகையாடின. தொடரை வெளியிடும் நாளேடுகள் பெருகின. தடை என்றதும் படைப்பு முடங்கிப்போனதாக எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையே வாக்கருக்கு விருது வழங்கியது இன்னொரு சான்று.

எல்லாச் சர்ச்சைகளையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். 1970இல் லெப்டினன்ட் ஃபிளாப் என்ற கறுப்பின அதிகாரியை வாக்கர் அறிமுகப்படுத்தியபோது சில நாளேடுகள் தொடரையே கைவிட்டன. இங்கே எதிர்த்தவர்களின் பக்கம் நியாயம் இல்லை. ஆனால் அத்தொடரில் வரும் ஜெனரல் ஹாஃப்டிராக் தம் செயலாளரான மிஸ் பக்ஸ்லியை வெறித்துப் பார்ப்பதையே பல ஆண்டுகள் நகைச்சுவையாக்கியதைப் பெண்கள் கண்டித்தது முற்றிலும் வேறு வழக்கு. மால்டினின் கேலி அதிகாரம் உள்ளவரை நோக்கிப் பாய்ந்தது. இதுவோ மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணைக் காட்சிப்பொருளாக்கியது. இந்தக் கண்டனத்தையும் நகைச்சுவை உணர்வற்ற தணிக்கை என்று ஒதுக்குபவர்கள், வாக்கரே அதற்குச் செவிசாய்த்ததை மறந்துவிடுகிறார்கள்: 1997இல் அவர் அந்த ஜெனரலை, பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று கற்கும் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.