சுண்ணாம்புச் சுவரில் ஓரச்சித்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நூறாண்டைக் கடந்த ஒரு வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், சாரத்தின்மேல் நின்றபடி ஓர் இளைஞர் உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உத்தரத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் ஓடிய பழைய கொடிக்கருக்கு, அதாவது கொடியும் இலையுமான ஓரச்சித்திரம், அவர் கைபட்ட இடமெல்லாம் காவித் தூளாகிக் கீழே விரித்திருந்த சாக்கின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஏன் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். “சுவத்தைச் சுத்தம் பண்ணிட்டு இதே டிசைனைப் புதுசா வரையணும்ணே” என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்; அப்போது கேட்க ஆள் இல்லை.

ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சுவரின் நிறத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நிலைக்கதவைச் சுற்றி ஓடும் விரல் அகலக் கோடு, தரையும் சுவரும் சேரும் இடத்துக் காவிப் பட்டை, மாடத்தின் நெற்றியில் எழுதிய சிறு தாமரை ஆகியவையே நினைவில் நிற்கின்றன. அவை கோணினால் வீடே கோணியதாகத் தோன்றும். பிரஷைக் கழுவாமல் வைப்பது, வண்ணத்தை வழியவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்து, பிறகு பிறர் செய்யவும் கண்ட தவறுகள் மட்டும் இங்கே வருகின்றன.

ரசமட்டத்தை நம்பிக் கோடு போடுவது

புதிய கட்டடத்தில் ரசமட்டம் வைத்து நூலடித்துக் கோடு போட்டால் சரியாக இருக்கும். பழைய வீட்டில் அதே கோடு கண்ணை உறுத்தும், ஏனெனில் உத்தரம் காலப்போக்கில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், தளமும் எங்காவது இறங்கியிருக்கும். முப்பதடிச் சுவரில் உத்தரம் ஒரு முனையில் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால், மட்டமாகப் போட்ட கோட்டுக்கும் உத்தரத்துக்கும் இடைப்பட்ட வெள்ளை இடம் ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போவதைத்தான் பார்ப்பவர் காண்பார். எந்த விளிம்புக்கு அருகில் கோடு ஓடுகிறதோ அந்த விளிம்பைப் பின்பற்றியே அது ஓட வேண்டும். முதல் முறை இதைச் செய்யும்போது, கோணலாகப் போடுகிறோமோ என்று கை தயங்கும். சாரத்தை விட்டு இறங்கி வாசலில் நின்று பார்த்தால் தயக்கம் போய்விடும்.

மாஸ்கிங் டேப்பை நன்றாகக் காயவிட்டு உரிப்பது

வண்ணம் சற்று ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரை எமல்ஷனால் மூடி, அதன்மேல் சித்திரம் எழுதுவது

இதைப் பற்றி மட்டும் பொறுமையாகப் பேச எனக்கு இன்றுவரை வரவில்லை.

செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுவர்ப்பூச்சு சுண்ணாம்பும் மணலும் கொண்டு பல படிகளாகப் பூசப்பட்டது. மேற்பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் கலக்கும் வழக்கமும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் தன்மையை அடைகிறது. அப்படி இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருப்பதால், தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழைக்காலத்தில் ஊறும் நீரும் ஆவியாகி அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். சுவர் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் நேராது.

அதன்மேல் பட்டி பார்த்து (சுவரைச் சமமாக்கும் பசையைப் பூசி), ப்ரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷனும் ஏற்றினால், ஈரம் வெளியேறும் வழி பெருமளவு அடைபட்டுவிடுகிறது. வெளியேற முடியாத நீர் தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னாலேயே இறக்கிவைக்கிறது. அந்த உப்பு படிகமாகி வளரும்போது பூச்சை முன்னால் தள்ளுகிறது. போதாததற்கு, ஆண்டுக்கணக்காக அடித்த வெள்ளையின் மேற்பரப்பு மாவாகவே இருக்கும் என்பதால் எமல்ஷன் பிடித்துக்கொள்ள உறுதியான அடித்தளமும் கிடைப்பதில்லை. பட்டி கடினமானது, கீழே உள்ள சுண்ணாம்பு மென்மையானது. ஆகவே உரியும்போது பட்டி தனியாக வராமல் பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அறுபதடி நீள ஓரப்பட்டை ஒன்றை எழுதியபோது. வீட்டுக்கார ஆச்சி, தம் மாமியார் காலத்துக் கொடிக்கருக்கு அப்படியே மீண்டும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார். பெயிண்டுக் கடையில் சொன்ன யோசனையைக் கேட்டு, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து, நல்ல விலையுள்ள எமல்ஷன் அடித்து, அதன்மேல் இருபத்து மூன்று நாட்கள் உட்கார்ந்து இலை இலையாக எழுதினேன். பங்குனியில் வேலை முடிந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவினர் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் நம்பிவிட்டேன். கார்த்திகை பிறப்பதற்குள் மேற்குச் சுவரில் பூச்சு அப்பளம் போல எழும்பி, நான் எழுதிய கொடி இரண்டு முழம், மூன்று முழம் எனப் பாளம் பாளமாகத் தொங்கியது. கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

திருப்பித் தர முடியாத ஒன்று இருந்தது, அதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. பழைய கொடிக்கருக்கைச் சுரண்டுவதற்கு முன் நான் அதைப் படி எடுக்கவில்லை. வடிவம் மனத்தில் இருக்கிறது என்று எண்ணி, கைப்பேசியில் இரண்டு படங்கள் மட்டும் எடுத்திருந்தேன். அவற்றில் இலையின் வெளிவடிவம் தெரிந்ததே ஒழிய, நரம்புக்கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது, தூரிகை எங்கே எடுக்கப்பட்டது, காவியின்மேல் வெள்ளை விழுந்ததா வெள்ளையின்மேல் காவி விழுந்ததா என்பது எதுவும் தெரியவில்லை. நான் எழுதியது அந்தக் கொடியைப் போன்ற வேறொரு கொடி. ஆச்சி அதைப் பார்த்த முதல் நாளிலேயே கண்டுகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

சுரண்டுவது என்பது அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் வேலை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் காலச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேற்படை பெயர்ந்திருந்த இடத்தில் தெரிந்த கீழ்ப்படையை ஒருவர் உற்றுப் பார்த்ததால் அது நமக்குக் கிடைத்தது. வீட்டுச் சுவரில் அவ்வளவு பெரிய புதையல் இருக்காதுதான். ஆனாலும் வெள்ளைக்கு அடியில் இரண்டு தலைமுறைப் பார்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த சுவர்களை நானே மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, சாய்வாக விழும் வெளிச்சத்தில் சுவரைப் பார்க்க வேண்டும்; நேர் வெளிச்சத்தில் மறையும் கோடுகள் அப்போது மேடு பள்ளமாகத் தெரியும். மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் கூர்கத்தியால் படைபடையாக நீக்கி அடியில் இருப்பதை அறிய வேண்டும். ட்ரேசிங் தாளை ஒட்டாமல் பிடித்து முழு அளவில் படி எடுத்து, கோட்டின் மேலாக ஊசியால் துளையிட்டு வைத்துக்கொண்டால், பிற்பாடு கரித்தூள் மூட்டையால் தட்டி எந்தச் சுவரிலும் அதே வடிவத்தை இறக்கலாம். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் உட்புறம் நீர் முத்துமுத்தாக நின்றால் அந்தச் சுவரை இன்னும் தொடக் கூடாது.

எழுதுவதற்கு, ஈரம் காயாத சுண்ணாம்பின்மேல் நீரில் குழைத்த நிறமே எல்லாவற்றிலும் நீடித்தது, ஏனெனில் சுண்ணாம்பு இறுகும்போது நிறத்துகள்கள் அதன் ஓட்டுக்குள் பூட்டப்பட்டுவிடும். ஆனால் அன்றன்று பூசிய இடத்தை அன்றே எழுதி முடிக்க வேண்டும். அவ்வளவு வேகம் இல்லாதவர்கள், காய்ந்த சுவரில் பாலின் புரதத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்த பசையில் நிறத்தைக் குழைத்து எழுதலாம், அல்லது ஆவியை வெளியேவிடும் சிலிகேட் வண்ணங்களை வாங்கலாம். விலை கூடுதல்தான். நான் திருப்பிக் கொடுத்த கூலியைவிடக் குறைவு.

எல்லா நீலமும் ஒன்றே என்று எண்ணுவது

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பிரஷ்யன் நீலம், தாளிலும் துணியிலும் ஆழ்ந்த அழகான நிறம். சுண்ணாம்பின் காரம் பட்டால் அது சிதைந்து துருப் போன்ற பழுப்பாகிவிடும். கண்ணனின் மேனிக்கு அதைப் பயன்படுத்திய ஒரு மாணவரின் சுவரில் கண்ணன் சில வாரங்களில் மண் நிறத்துக்கு வந்துவிட்டார். அல்ட்ராமரின் நீலம் காரத்தைத் தாங்கும். வெள்ளையடிக்கும்போது கலக்கும் தூள் நீலம் இந்த வகைதான். சொட்டு நீலம் சாயம் என்பதால் வெயிலில் நிற்காது. காவி, மஞ்சட்காவி போன்ற மண் நிறங்கள் இரும்பிலிருந்து வருபவை. அவற்றுக்குச் சுண்ணாம்பால் ஒரு கேடும் இல்லை. குரோம் மஞ்சள் காரத்தில் செம்மஞ்சளாகத் திரும்பக்கூடும். கடையில் நிறத்தின் பெயரைக் கேட்காமல், சுண்ணாம்பில் நிற்குமா என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஒரு செங்கல்லில் சுண்ணாம்பு பூசி, எழுதி, ஒரு மாதம் வெளியே போட்டுப் பாருங்கள்.

தனிக் கறுப்பால் ஓரக்கோடு போடுவது

கறுப்போடு கொஞ்சம் காவி சேருங்கள்.

கைத்தொலைவில் எழுதியதைப் பதினைந்தடி உயரத்தில் பார்க்க வைப்பது

சாரத்தின்மேல் முகத்தை ஒட்டி வைத்து எழுதும்போது மயிரிழைக் கோடுகள் மிக அழகாக இருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அவை கலந்து ஒரு மங்கலான சாம்பல் கறையாகிவிடும். பழைய பார்டர்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோடுகள் முரட்டுத்தனமாகவும், இலைகளுக்கு இடையே வெற்றிடம் தாராளமாகவும் இருப்பதைக் காணலாம். எழுதியவருக்குக் கை வராததால் அப்படி அமைந்தது என்று இளம் வயதில் நான் ஏளனமாக நினைத்தேன். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஒரு முழத்தை எழுதியதும் இறங்கி வந்து பார்க்கச் சோம்பினால், அறுபதடியையும் எழுதிய பிறகு பார்க்க நேரும்.

முகத்தில் கண்ணை முதலில் எழுதுவது

கண் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் மரபுக்குச் சமயக் காரணம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழிற்காரணம் வேறு. முகத்தின் நிறமும் புருவமும் மூக்கின் நிழலும் அமைந்த பிறகுதான் பார்வை எந்தத் திசையில் விழ வேண்டும் என்பது உறுதியாகும். முதலிலேயே கருமணியை வைத்துவிட்டால், முகத்தின் மற்ற பகுதிகள் அதற்கு ஏற்றபடி வளைக்கப்பட்டு, முகம் அசட்டுத்தனமாக வெறிக்கும். கருமணியில் வெண்புள்ளி வைப்பதாயிருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இடப்புறமும் ஒன்றில் வலப்புறமும் வைத்ததனால் மாறுகண் ஆகிப்போன லட்சுமிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

விளக்கு வெளிச்சத்தில் நிறம் கலப்பது

வேண்டாம்.

காரைக்குடிப் பக்கத்து வீட்டுக்குத் திரும்புகிறேன். தேய்த்தது போக, கதவுக்குப் பின்னால் நான்கு முழம் கொடிக்கருக்கு எஞ்சியிருந்தது. உப்புத்தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நான்கு முழத்தையும் இளைஞரையே படி எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் ஆயிற்று, மூன்று தாள் வீணாயிற்று. ஒட்டிவைத்த பிளாஸ்டிக் தாளின் உட்புறம் காலையில் நனைந்திருந்ததால், தை பிறக்கும்வரை வேலையைத் தொடங்குவதாக இல்லை. வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார். அந்த அழைப்புகளை இளைஞரே எடுத்துப் பேசட்டும் என்று விட்டிருக்கிறேன்.