நாளென் செயும்: துக்க வீட்டில் இந்தப் பாட்டைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையிலிருந்து பூம்பாறை வரைக்கும் எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாலும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் படும். போட்டோவுக்கு அடியில் கந்தர் அலங்காரத்தின் 38ஆம் பாட்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் வாயிலும் இதுதான், வேன் கண்ணாடி ஸ்டிக்கரிலும் இதுதான். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடியது. எல்லாருக்கும் மனப்பாடம் என்பதாலேயே யாரும் நின்று படிப்பதில்லை. முழுசாக ஒருதடவை பார்த்துவிடலாம்:

நாளென் செயும்வினை தானென் செயுமெனை நாடிவந்த
கோளென் செயும்கொடுங் கூற்றென் செயும்குமரேசர் இரு
தாளும் சிலம்பும் சதங்கையும் தண்டையும் சண்முகமும்
தோளும் கடம்பும் எனக்குமுன்னே வந்து தோன்றிடினே

பெரிய தவறு இரண்டாவது அடியோடு நின்றுவிடுவது. நாள், வினை, கோள் (கிரகம்), கூற்று (எமன்) நாலும் ஒன்றும் செய்யாது, அவ்வளவுதான் என்று முடித்துக்கொண்டால் பாட்டு தாயத்தாகிவிடும். அதன் விளைவைத் துக்க வீட்டில்தான் பார்க்க வேண்டும். "தினமும் ரெண்டு வேளை சொன்ன மனுசி, இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாளே, முருகன் கைவிட்டுட்டானே" என்று ஒரு குரல். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு குரல், "மனசாரச் சொல்லியிருக்க மாட்டா." முதலாவது துக்கத்தில் வருவது, விட்டுவிடலாம். இரண்டாவதை என்னால் பொறுக்க முடியாது, செத்தவளின் பக்திக்கு மார்க் போட இந்தப் பாட்டில் இடமே இல்லை.

ஏனென்றால் சாவு வராது என்று அருணகிரியார் சொல்லவில்லை. வந்தால் என்னை என்ன செய்யும் என்று கேட்கிறார், அதையும் ஒரு நிபந்தனை போட்டுத்தான் கேட்கிறார், அந்த நிபந்தனை பாட்டின் கடைசியில் வருகிறது: அவன் என் முன்னே வந்து தோன்றினால். இதன் அருமை தெரிய வேண்டுமானால் சம்பந்தரின் கோளறு பதிகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (நம் ஆட்கள் இரண்டையும் 'கிரகதோஷப் பாட்டு' என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுவார்கள், அது தனித் தப்பு). சம்பந்தர் 'உளமே புகுந்த அதனால்' என்கிறார். சிவன் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று, அதனால் கிரகங்கள் நல்லவை என்பது முடிந்த கணக்கு. அருணகிரியார் இன்னும் வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். தைரியம் இருக்கிறது, ஆனால் ஏக்கத்தோடு சேர்ந்த தைரியம். அந்த ஏக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சவடால்.

அதே நூலின் 70ஆம் பாட்டைப் படித்தால் இன்னும் தெளிவாகும். 'பயந்த தனிவழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே' என்று முடிகிறது. வழி இருக்கிறது, அது தனி வழி, பயமும் இருக்கிறது, கேட்பது துணையை மட்டும்தான். சாவே வராது என்று நம்பியவர் துணை கேட்பாரா?

அப்புறம் இந்த வேல் விஷயம். உரை சொல்கிறவர்கள் பலர் 38ஆம் பாட்டுக்கு "முருகனின் வேல் எமனை விரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாட்டில் வேல் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். மயிலும் கிடையாது. தாள், பிறகு காலில் ஒலிக்கிற சிலம்பு, சதங்கை, தண்டை, அதன் பிறகே முகமும் தோளும் கடம்ப மாலையும். இவ்வளவு பயங்கரமான நாலு பேருக்கு எதிராக ஒரு ஆயுதத்தைக்கூட நிறுத்தாமல், கால் சலங்கைச் சத்தத்தை நிறுத்துகிறார். இதைக் கவனிக்காமல் வேலைச் செருகினால் பாட்டின் உயிரே போய்விடும். எமனோடு கைகலப்பு வேண்டுமென்றால் அதற்கென்று வேறு பாட்டு இருக்கிறது, 25ஆம் பாட்டில் 'கண்டாயடா அந்தகா' என்று அடா போட்டே கூப்பிடுகிறார். அங்கேயும் கையில் இருப்பது ஞானச் சுடர்வடிவாள்.

அந்த 25ஆம் பாட்டில் நம் பக்கத்துக்காரர்களுக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு. 'தண்டாயுதமும் திரிசூலமும் விழத் தாக்கி' என்று தொடங்கும். பழனி மலையைப் பார்த்தபடி வளர்ந்த நமக்குத் தண்டாயுதம் என்றால் ஆண்டவர் கைத்தண்டுதான் நினைவுக்கு வரும், உடனே முருகனே தண்டாயுதத்தோடு எமனை அடிக்க வருகிறார் என்று பொருள் சொல்லிவிடுவோம். இல்லை. அது எமன் கையில் இருப்பது, அது கீழே விழும்படி அடிப்பேன் என்கிறார். பாட்டில் பேர் சொல்லப்பட்டவரும் செந்தில் வேலன், அதாவது திருச்செந்தூர் முருகன். 38க்கும் இதே கதைதான்: போஸ்டரில் ஆண்டிக்கோலப் படத்தைப் போட்டு இந்தப் பாட்டையும் போடுகிறார்கள், பாட்டு காட்டுவதோ ஆறு முகமும் சலங்கையுமாக வருகிற குமரனை. போடக் கூடாது என்றில்லை. இது பழனியில் பாடியது என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள், பாட்டில் ஊர்ப் பெயரே இல்லை.

சில்லறைத் தப்புகள் சிலவும் உண்டு. கூற்று என்றால் இங்கே எமன், பேச்சு இல்லை. முதல் அடி முடிகிற இடத்தில் மூச்சை விட்டுவிடாதீர்கள், 'எனை நாடிவந்த' என்பது அடுத்த அடியின் 'கோள்' உடன் சேர வேண்டியது. கடைசி ஏகாரத்தில் அழுகையை ஏற்றாதீர்கள், இதன் யாப்பு கட்டளைக் கலித்துறை, அந்த வகைப் பாட்டெல்லாம் ஏகாரத்தில்தான் முடியும். எளிதாகப் புரியட்டும் என்று 'நாளென்ன செய்யும்' என்று அச்சடிக்கிறார்கள். இந்தப் பாட்டில் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டு எண்ணினால் அடிக்கு 16 எழுத்து, 'என்' ஒவ்வொன்றையும் 'என்ன' ஆக்கும்போது ஒரு எழுத்து கூடிவிடும்.

யாரைப் பார்த்துச் சொன்னது என்று பார்க்காததும் ஒரு தவறு. அப்பரின் 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்பதையும் இப்போது அஞ்சலியில் போடுகிறார்கள். பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொன்ன பதில் அது என்கிறது பெரியபுராணம். எமனைவிட அதில் ராஜாவுக்குத்தான் சூடு அதிகம்.

கருமாதிப் பத்திரிகையில் போட ஒரு பாட்டு வேண்டுமென்று என்னிடம் கேட்டால் கந்தர் அலங்காரத்தின் 18ஆம் பாட்டைத்தான் சொல்வேன். வேலோனை வாழ்த்தி, நொய்யில் (உடைந்த அரிசியில்) பிளவளவாவது ஏழைக்குப் பகிருங்கள், வெயிலுக்கு ஒதுங்க நம் நிழலே நமக்கு உதவாதது போலக் கையில் இருக்கும் பொருளும் கடைவழிக்கு உதவாது என்கிறது அது. கருமாதிச் சாப்பாட்டுக்கு எப்படியும் அரிசி வாங்கத்தானே போகிறோம், கூட ஒரு மூட்டை வாங்கி இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.