அரைத் தத்தாமிக்குப் புது மேற்பாய்: கையால் தைப்பது எப்படி

ஜப்பானின் சைத்தாமாவில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டில் நாலரைத் தத்தாமி அறை ஒன்று இருக்கிறது. தத்தாமி என்பது அறைத் தரை முழுக்கப் பதிக்கும் கனத்த பாய். சுற்றிலும் நான்கு முழுப் பாய், நடுவில் சதுரமாக ஓர் அரைப்பாய். அந்த அரைப்பாய் தேய்ந்து பாவு நூல் வெளியே வந்துவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் காலுறை முழுக்கத் துரும்பு. கடைக்காரர் எடுத்துப் போனால் அன்று மாலையே மாற்றிக் கொண்டுவந்துவிடுவார். நானே தைக்கிறேன் என்று இறங்கியதில் மூன்று சனிக்கிழமைகள் போயின. உங்களுக்கு ஒன்றரையில் முடியட்டும்.

முழுப் பாயில் கைவைக்காதீர்கள். எங்கள் பக்கத்து எடோமா அளவில் அது 176க்கு 88 செ.மீ.; உள்ளே வைக்கோல் என்றால் 30 கிலோவை நெருங்கும். அரைப்பாய் 88க்கு 88. கியோத்தோ பக்கத்துக் கியோமா 191க்கு 95.5 என்பதால் அளந்த பிறகே பொருள் வாங்க வேண்டும்.

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். உள்ளே இருக்கும் கனத்த மெத்தை தோக்கோ: 30, 40 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிய வைக்கோலை 5 செ.மீ. அளவுக்கு அழுத்தித் தைத்தது. அதைச் செய்யும் ஆசை வேண்டாம், இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். மேலே போர்த்தும் பாய் ஒமோத்தே. இரு ஓரத்துக் கரைத்துணி ஹெரி. ஒமோத்தே நெய்யும் இகுசா என்ற புல் நம் கோரை அல்ல. தண்டை ஒடித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. அந்தக் காலத்தில் அதை உரித்தெடுத்து விளக்குத் திரியாகப் போட்டார்கள்.

ஒமோத்தே வாங்கும்போது குமாமொத்தோ சரக்கா என்று பாருங்கள். ஜப்பானில் விளையும் இகுசாவில் பெரும்பகுதி அங்கே யாத்சுஷிரோ வட்டாரத்திலிருந்துதான் வருகிறது. சணல் வகைப் பாவில் புல்லை நெருக்கி அடித்த கனத்த ஒமோத்தே அழகாகத்தான் இருக்கும், ஆனால் முதல் முறைக்குப் பருத்திப் பாவே நல்லது. இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். கரைத்துணிக்குக் குராஷிகி அருகிலுள்ள கொஜிமாவின் நெசவு பேர்போனது. பூ வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல் வெறும் கறுப்பை எடுங்கள். பூ போட்டால் எதிரெதிர்க் கரைகளில் பூக்கள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அது தனித் தலைவலி.

கருவிகளில் தத்தாமி ஊசிக்கு மாற்று இல்லை. கோணி ஊசியால் முயன்றேன், இரண்டாவது குத்திலேயே வளைந்துவிட்டது. தடித்த நூல், தேன்மெழுகு, உள்ளங்கைக்குத் தோல் உறை, கூரான கத்தி, நீளமான இரும்புக் கோல், பாயை உயர்த்தி வைக்க இரண்டு பெட்டிகள். ஸ்டேப்ளர் அடித்து முடிப்பவர்களும் உண்டு. வைக்கோலில் கம்பி நிற்காது, அடுத்த முறை பிரிப்பவர் உங்களைத் திட்டுவார்.

பாயைத் தூக்கும் முன் எந்தப் பக்கம் சன்னலை நோக்கியது என்று சாக்பீஸால் குறித்து, தூக்கியதும் அடியில் பேனாவால் எழுதுங்கள். எந்த அறையும் சரியான சதுரம் இல்லை. பாய் அந்த இடத்துக்கென்றே சில மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்து வெட்டப்பட்டது. பிறகு கரையின் தையலை அறுத்துப் பழைய ஒமோத்தேயை உரியுங்கள். அதை எறிய வேண்டாம். தோக்கோவைக் குதிகாலால் மிதித்துப் பார்த்து, பள்ளம் தட்டும் இடத்தில் பழைய புல்லை நறுக்கிப் பரப்புங்கள். மக்கிய வாடை வந்தால் அந்தத் தோக்கோ முடிந்தது; கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

நான் சறுக்கியது அடுத்த கட்டத்தில்.

ஒமோத்தேயில் கரைக்கு இணையாக, 1.5 செ.மீ.க்கு ஒன்றாக வரிகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ‘மே’ என்று பெயர், அதாவது கண். தேநீர்ச் சடங்கில் பாத்திரம் வைக்கும் இடத்தைக்கூடக் கரையிலிருந்து கண் எண்ணித்தான் குறிப்பார்கள். கரையின் உள்விளிம்பு, முனை முதல் முனை வரை ஒரே கண்ணின்மேல் உட்கார வேண்டும். நான் ஒரு முனையைத் தைத்துவிட்டு மறுமுனையை மூலையில் பிடித்து இழுத்தேன். பாய் விறைப்பாகத்தான் நின்றது. கரை தைத்து நிமிர்ந்து பார்த்தால் ஓரத்து வரி வில்லாக வளைந்து, நடுவில் கரைக்குள் புகுந்து மறுகோடியில் வெளியே வந்தது. மூன்று மணி நேரத் தையல். அத்தனையையும் பிரித்தேன்.

சரியான முறை இது. பாயின் நடுக் கண்ணை எண்ணிக் கண்டுபிடித்துத் தோக்கோவின் நடுக்கோட்டில் வையுங்கள். கரை வராத ஒரு முனையில் ஒமோத்தேயைக் கீழே மடித்துத் தையுங்கள். காய்ந்த புல் மடிப்பில் ஒடியும், அதனால் மடிக்கும் கோட்டில் மட்டும் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். மறுமுனையை நடுவிலிருந்து இழுக்கத் தொடங்கி, இடம் ஒரு பிடி, வலம் ஒரு பிடி என்று மூலைக்குப் போங்கள். ஊசிகளைத் தற்காலிகமாகக் குத்தி நிறுத்திக்கொண்டு, இரு ஓரத்திலும் மூன்றாவது கண்ணின்மேல் வெள்ளை நூலைக் கட்டி இழுத்துப் பாருங்கள். நூலும் வரியும் விலகினால் தைக்காதீர்கள். எங்கள் தெருக்கோடித் தத்தாமிக் கடைப் பெரியவரிடம் இதைக் கேட்டபோது, அவர் நூலெல்லாம் கட்டவில்லை. கன்னத்தைப் பாயோடு ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அவ்வளவுதான். தைக்கும்போது முழங்கையைத் தையலின்மேல் ஊன்றி நூலை இறுக்கினார். முழங்கையில் நெற்றிக்காசு அளவுக்குக் காய்ப்பு. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜப்பானிய மரக்கட்டடக்கலை நுட்பங்கள் 17இல் தத்தாமி செய்வதும் ஒன்று என்றேன். காது கேட்காதவர்போல் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மற்றவை வேகமாக முடியும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒமோத்தேயைக் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து அரியுங்கள். கரைத்துணியைத் தலைகீழாக மேலே கவிழ்த்து, அதன்மேல் 3 செ.மீ. அகலக் கெட்டிக் காகிதப் பட்டையை வைத்து, பட்டையின் உள்விளிம்பைக் கண்ணோடு சேருங்கள். பட்டை, துணி, பாய், தோக்கோ எல்லாம் சேரக் குத்தித் தைத்து, துணியை வெளிப்பக்கம் திருப்பிப் பக்கவாட்டில் இறக்கி மறுதையல் போடுங்கள். காகிதம்தான் கரைக்குக் கத்திமுனை விளிம்பைத் தருகிறது. அதை விட்டால் துணி கொழகொழத்துவிடும்.

பின்சேர்க்கை 1: புதுப் பாயில் சாம்பல் பச்சைத் தூள் வருகிறது, பூஞ்சையா என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை. இகுசாவை அறுத்த கையோடு களிமண் கரைசலில் தோய்த்துத்தான் காயவைக்கிறார்கள். அந்த மண்தான் தூள். காய்ந்த துணியால் வரியின் போக்கில் துடையுங்கள். ஈரத்துணி பட்டால் மண் கரைந்து திட்டுத்திட்டாய் நின்றுவிடும். ஒருவர் மடிப்புக்குத் தெளிக்கும் தண்ணீரைப் பாய் முழுக்கத் தெளித்துவிட்டார். அவருக்கு என்னிடம் மருந்தில்லை.

பின்சேர்க்கை 2: பாய் தேயாமல் நிறம் மட்டும் மங்கியிருந்தால் புது ஒமோத்தே வேண்டாம், இருப்பதையே புரட்டித் தைக்கலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் செய்தால்தான் அடிப்பக்கம் பச்சையாக இருக்கும்.

பின்சேர்க்கை 3: திரும்பப் போட்டபோது சுவரோரம் இடைவெளி தெரிகிறது என்றவருக்கு: முதலில் அடியில் எழுதியதைப் பார்த்துத் திசையைச் சரிபாருங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நின்றால், எறிய வேண்டாம் என்றேனே, அந்தப் பழைய ஒமோத்தேயிலிருந்து ஒரு பட்டை வெட்டி, தோக்கோவின் பக்கவாட்டில் வைத்து அதன்மேல் கரையை இறக்கித் தையுங்கள். என் அரைப்பாயில் சன்னல் பக்கம் அப்படி இரண்டு பட்டை உள்ளே இருக்கிறது.