பழைய எஸ்எக்ஸ்4 வாங்கும் முன் டயரைப் பாருங்கள்
அமெரிக்காவில் பனி விழும் ஊர்களில் நாலு சக்கரமும் இழுக்கும் சின்னக் காரைக் குறைந்த விலையில் தேடுபவர்களுக்குப் பழைய சுசுகி எஸ்எக்ஸ்4 இன்னமும் நல்ல தேர்வுதான். ஆனால் வாங்கும் முன் குனிந்து நாலு டயரையும் பாருங்கள். ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுசு என்றால் பின்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும் என்று மாற்றும் சுவிட்சில் மூன்று நிலை: முன்சக்கரம் மட்டும், ஆட்டோ (தேவைப்படும்போது பின்சக்கரத்துக்கும் விசை போகும்), லாக் (பின்சக்கரத்துக்கும் தொடர்ந்து விசை போகும்). பனியில் சிக்கினால் மட்டும் லாக் போடுங்கள். காய்ந்த ரோட்டில் வேண்டவே வேண்டாம்; வளைவில் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பாகங்கள் அடிவாங்கும்.

அப்புறம், 2012இல் சுசுகி அங்கே கார் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. உதிரிபாகம் கிடைக்குமா என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.