உலைக்குப் பக்கத்தில் வரும் ஸ்டீல் பீமை டிசைன் செய்வது எப்படி?

உலைக்கோ பாய்லருக்கோ பக்கத்தில் பீம் போட வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, சூட்டில் ஸ்டீலின் பலம் எவ்வளவு குறையும் என்றுதான். அதற்கு முன்னால், அந்த பீம் நீள்வதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

6 மீட்டர் பீம் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 7 மி.மீ. சொச்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு முனையையும் அசையவிடாமல் பிடித்துவிட்டால் உள்ளே 240 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறும், சாதாரண இ250 ரக ஸ்டீலின் யீல்டே, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவே, 250தான். ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. ஆழமுள்ள ஐ வடிவ பீம்) என்றால் 130 டன்னுக்கு மேல் தள்ளும். நிஜத்தில் தூண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் பீம் பக்கவாட்டில் வளையும், வெல்டு கிழியும். பெரிய செக்‌ஷன் போட்டால் சரியாகாது, பரப்பு கூடினால் தள்ளுவிசையும் கூடத்தான் செய்யும்.

அதனால் ஒரு முனையை இறுக்குங்கள், மறுமுனையைத் தாங்கும் பிராக்கெட்டில் ஸ்லாட் துளை, அதாவது போல்ட் நகர இடம் தரும் நீள்துளை, கொடுங்கள். பொருத்தும்போது போல்ட் ஸ்லாட்டின் உள்பக்க ஓரத்தில், அதாவது இறுக்கிய முனையின் பக்கம் இருக்கட்டும், நடுவில் வைத்தால் பாதி இடம் வீண். நட்டை முறுக்கி இறுக்காமல் லாக் நட் போடுங்கள். பீம் வழுக்க அடியில் டெஃப்லான் பேட் வைப்பதென்றால், அது 260 டிகிரிக்கு மேல் தாங்காது.

அடுத்தது வளைவு. பீமின் கீழ் ஃபிளேஞ்ச் (அடித்தட்டு) மேல் ஃபிளேஞ்சைவிட 100 டிகிரி சூடாக இருந்தால், 300 மி.மீ. ஆழமுள்ள அதே 6 மீட்டர் பீம் ஒரு கிலோ சுமைகூட இல்லாமலே நடுவில் 18 மி.மீ. தொங்கும். இதைச் சுமையால் வரும் தொய்வோடு கூட்டிப் பாருங்கள். குறைக்க நல்ல வழி, உலைக்கும் பீமுக்கும் நடுவே தகடு தடுப்பு, அதற்குப் பின்னால் காற்றோட்டம். தீத்தடுப்புப் பூச்சை இதற்கு நம்பாதீர்கள், அது விபத்தில் நேரம் வாங்கித் தருவதற்கு, நாள் முழுக்க அடிக்கும் சூட்டுக்கு அல்ல. பீமைச் சுற்றிலும் வெப்பக்காப்புக் கம்பளி போர்த்தினால் ஆறுகிற பக்கமும் அடைபட்டுப் போகும்.

இப்போது பலம். ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்திய விதித்தொகுப்பு ஐஎஸ் 800:2007-இன் 16-ஆம் பிரிவுப்படி 215 டிகிரி வரை யீல்டு குறையாது, அப்புறம் 905-இலிருந்து வெப்பநிலையைக் கழித்து 690-ஆல் வகுங்கள், மிஞ்சும் யீல்டின் பங்கு கிடைக்கும். 300 டிகிரியில் 88 சதவீதம், 500-இல் 59 சதவீதம்தான் மிஞ்சும். இ மதிப்பும் (ஸ்டீலின் விறைப்பு) கூடவே இறங்குவதால் பக்ளிங்கை, அதாவது பக்கவாட்டில் நெளியும் கணக்கை, திரும்பப் போடுங்கள். இந்தச் சூத்திரம் தீ விபத்துக்காக எழுதப்பட்டது, வருஷக்கணக்கில் நிற்கும் சூட்டுக்கு இது மட்டும் போதாது. ஏறத்தாழ 370 டிகிரிக்கு மேல் சாதாரண ஸ்டீலில் க்ரீப் தொடங்கும், சுமை அதேதான் இருந்தாலும் பீம் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். அங்கே சூட்டைத் தாங்கும் குரோம்-மாலிப்டினம் ஸ்டீலுக்குப் போங்கள். 304 ஸ்டெயின்லெஸ் போடுவதென்றால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும், ஸ்லாட்டையும் அதற்கேற்ப நீட்டுங்கள்.

உலை ஆறியிருக்கும்போது ஸ்லாட் முனையில் பீமுக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். சூடேறிய பிறகும் கோடு விலகாமல் நேராகவே நின்றால் ஸ்லாட் சிக்கியிருக்கிறது, உடனே விடுவியுங்கள்.